கரி தேடி வந்து கல்லைக் கண்டவர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

மனிதன் ஒன்றைத் தேடிப் புறப்படுகிறான். வழியில் வேறொன்று அவன் காலில் இடறுகிறது. பெரும்பாலோர் அதை உதைத்துத் தள்ளிவிட்டு நடப்பர். குனிந்து எடுத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அப்படிக் குனிந்து எடுத்ததனாலேயே இந்திய வரலாற்றின் தொடக்கத்தைப் பல இலட்சம் ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டு சென்ற ஒருவரின் வாழ்க்கையை நம் கல்லூரி மலரில் எழுத விரும்பினேன். அவர் பெயர் இராபர்ட் புரூஸ் ஃபூட். வரலாறு படிக்கும் நாம் அவர் பெயரைத் தேர்வுக்காக ஒரு வரியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். என்னை அவரிடம் கொண்டு சேர்த்தது ஒரு புத்தகமன்று. எங்கள் தெருவில் போட்ட ஓர் ஆழ்துளைக் கிணறு.

நான் வசிப்பது மண்ணூர்பேட்டை. பாடியிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் உள்ள ஊர். பட்டறைகளும் குடியிருப்புகளும் நெருங்கிய இப்பகுதியில் மண்ணைப் பார்ப்பதே அரிது. பெயரில் மட்டுமே மண் மிச்சம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் தண்ணீருக்காக ஆழ்துளை இட்டார்கள். முதலில் களிமண் வந்தது. பிறகு செம்மண்ணும் சரளையும் வந்தன. அதற்கும் கீழே போகப் போகக் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பாறைத் தூள் சேறாகக் கொப்பளித்தது. வேடிக்கை பார்க்க நின்றவர்கள் கரி, கரி என்று கூவினார்கள். தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டும் என் தந்தையாரும் ஒரு கணம் நம்பிவிட்டார். கட்டைவிரல் அளவுள்ள ஒரு துண்டை நான் வீட்டுக்கு எடுத்துச் சென்று அடுப்புத் தீயில் காட்டினேன். அது எரியவில்லை, ஏடு ஏடாகப் பிளந்து உதிர்ந்தது. தண்ணீரும் போதுமான அளவு கிடைக்கவில்லை. தெருவார் தலைக்குக் கொடுத்த பணம் போனதுதான் மிச்சம்.

உதிராமல் எஞ்சிய ஒரு சில்லை எங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, இது களிப்பாறை என்றும், நாட்டின் பெரும் நிலக்கரி வயல்கள் அடங்கிய கோண்டுவானா பாறைத் தொகுதியைச் சேர்ந்தது என்றும் கூறினார். சென்னையைச் சுற்றியுள்ள இப்பாறைகளை முறையாக ஆராய்ந்து வரைபடமாக்கியவர் யாரென்று தெரியுமா என்று கேட்டார். நான் விழித்தேன். கற்காலம் என்று நீ படித்தாயே, அதே ஃபூட் தான் என்றார். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

இரயிலும் கரியும்

ஃபூட் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் நகரில் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்தார். ஏறத்தாழ 24 வயதில், 1858இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அத்துறை 1851இல் தாமஸ் ஓல்டாம் என்பவர் தலைமையில் நிலையாக அமைந்தது. அதை அமைத்தவர்களுக்கு அறிவு வேட்கை மட்டும் காரணமன்று. நீராவிக் கப்பலுக்கும் இரயிலுக்கும் கரி வேண்டும். தென்னாட்டின் முதல் இரயில் 1856 ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது. நம்மில் பலர் நாள்தோறும் கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஏறி இறங்கும் பாதை அதுவே. அந்த இரயிலுக்கு எரிபொருள் எங்கே? கப்பலில் கரி வரவேண்டும். இல்லையேல் காட்டு மரத்தை வெட்டி எரிக்க வேண்டும். வங்காளத்தில் இராணிகஞ்சில் கரி வெட்டினார்கள். தெற்கே அப்படி ஒரு வயல் உண்டா என்ற கேள்வி ஆட்சியாளரை வாட்டியது. நிலவியலாளர்கள் சுத்தியலும் திசைகாட்டியுமாக மாகாணமெங்கும் அனுப்பப்பட்ட பின்னணி இது.

ஆட்சியின் தேவைக்காக வந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் சம்பளம் பேரரசின் கணக்கில்தான் எழுதப்பட்டது. மாட்டு வண்டியில் கூடாரம் ஏற்றிச் சென்றவர்களும், வழிகாட்டிய ஊராரும், கல் சுமந்தவர்களும் நம் மக்களே. அவர்களின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை. இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டே ஃபூட்டின் பெருமையையும் அளக்க வேண்டும்.

சென்னைக்கு வந்த ஃபூட் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. தமிழ் படிப்போர்க்குப் பெர்சிவல் அயலாரல்லர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். 1855இல் தினவர்த்தமானி என்ற இதழைத் தொடங்கியவர். நம் மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். மாமனார் தமிழ்ச் சொற்களைத் திரட்டினார். மருமகன் தமிழ் மண்ணின் கற்களைத் திரட்டினார். ஒரே குடும்பத்தில் இரு சேகரிப்புகள்!

பாலாற்றுக்கு வடக்கே

பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆர்க்காடு மாவட்டப் பகுதிகளை ஃபூட் அளந்து எழுதிய பெருநூல் 1873இல் துறையின் வெளியீடாக வந்தது. திருப்பெரும்புதூரைச் சுற்றியுள்ள களிப்பாறை அடுக்குகளையும், சத்தியவேடு பக்கம் உள்ள மணற்பாறை, கூழாங்கல் திரள்பாறை அடுக்குகளையும் அவர் பிரித்துக் காட்டினார். களிப்பாறை ஏடுகளுக்கு நடுவே இலைகளின் பதிவுகள் இருந்தன. அவை வடக்கே இராஜமகால் குன்றுகளில் கிடைத்த இலைகளுக்கு உறவானவை.

நண்பர்களே, இங்கேதான் என் அடுப்பில் எரியாத கல்லுக்கு விடை இருக்கிறது. அதைச் சற்று விளக்க வேண்டும்.

படிவுப் பாறை என்பது ஆறும் ஏரியும் கடலும் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. நிலமெங்கும் அது ஒரே அளவில் படிவதில்லை. பள்ளம் உள்ள இடத்தில்தான் வண்டல் தங்கும். பூமியின் மேலோடு இழுபட்டு வெடிக்கும்போது, வெடிப்பின் ஒரு பக்கம் நிற்க மறுபக்கம் கீழே வழுக்கி இறங்குகிறது. இதைப் பிளவுப் பெயர்ச்சி என்பர். இரு பக்கமும் பிளவுகள் அமைந்து நடுநிலம் தாழ்ந்தால் நீண்ட தொட்டி ஒன்று உருவாகிறது. அத்தொட்டியில் ஆறு பாய்கிறது, சதுப்பு உண்டாகிறது, காடு வளர்ந்து மடிகிறது, மடிந்த மரஞ்செடிகளை மேலே விழும் மணல் மூடுகிறது. தொட்டி மேலும் தாழத் தாழ அடுக்கின்மேல் அடுக்கு ஏறி, புதைந்த காடு கரியாகிறது. தாமோதர், மகாநதி, கோதாவரிப் பள்ளத்தாக்குகளின் கரி வயல்கள் இவ்வாறு ஏறத்தாழ 30 கோடியிலிருந்து 25 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. மேலும் ஒரு நன்மையும் அப்பிளவுகளால் விளைந்தது. தாழ்ந்துபோன நிலத்தில் இருந்ததால்தான் கரி அடுக்குகள் மழையாலும் ஆற்றாலும் அரிக்கப்படாமல் தப்பின. உயரத்தில் இருந்தவை கரைந்து போயின. கரி வயலைத் தேடுபவன் முதலில் பிளவைத் தேடுவது இதனால்தான்.

இப்பாறைத் தொகுதிக்குக் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரால் கோண்டுவானா என்று 1872இல் பெயரிட்டவர் மெட்லிகாட். இதன் கீழ்ப்பகுதி கரியுடையது. அதில் நாக்கு வடிவமுள்ள குளோசாப்டெரிஸ் இலைப் பதிவுகள் நிறைந்திருக்கும். மேற்பகுதியோ வேறு காலத்தது. அதன் செடிகளும் வேறு. திருப்பெரும்புதூர் அடுக்குகளில் கிடைப்பவை சைக்கஸ் செடிக்கு ஒப்பான டைலோபில்லம் முதலிய இலைகள். அவற்றோடு கடல்வாழ் உயிர்களின் படிவங்களும் உள்ளன. ஆகவே இவை கரிக் காடுகள் மடிந்து நெடுங்காலத்துக்குப் பின், இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்த காலத்தை ஒட்டி, ஏறத்தாழ 12, 13 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தவை என்று இன்று கணிக்கிறார்கள். கடற்கரைக்கு ஏறக்குறைய இணையாக நிலம் பிளந்து தாழ்ந்தபோது உண்டான பள்ளத்தில் ஆறும் வண்டலைக் கொட்டியது. அவ்வப்போது கடலும் உள்ளே வந்து போனது. குடும்பப் பெயர் ஒன்றாயினும் தலைமுறை வேறு. கரி தாத்தாவிடம் இருந்தது. பேரனிடம் நிறம் மட்டுமே வந்தது. மண்ணூர்பேட்டையில் தெருவார் ஏமாந்த கதை இதுவே.

ஃபூட்டின் தோழர் வில்லியம் கிங்குக்கு வேறு வகை வாய்த்தது. அவர் கோதாவரிப் பக்கம் சென்று 1870களின் தொடக்கத்தில் சிங்கரேணிக் கரியைக் கண்டறிந்தார். இன்றும் அங்கே கரி எடுக்கிறார்கள். நம் நெய்வேலியில் 1956இல் தொடங்கிய நிறுவனம் எடுப்பதோ இவற்றினும் மிக இளைய பழுப்பு நிலக்கரி. வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு இன்றும் ஒடிசாவின் தால்ச்சர் வயலிலிருந்து கரி கடல்வழியே எண்ணூருக்கு வருகிறது. நம் காலடியில் கோண்டுவானா இருந்தும், கரி கப்பலேறித்தான் வரவேண்டியிருக்கிறது!

பல்லாவரத்துக் கல்

கரியைக் காட்டாத நிலம் ஃபூட்டுக்கு வேறொன்றைக் காட்டியது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள். பல்லாவரம் படைப் பயிற்சித் திடலருகே சாலைக்குச் சரளை வெட்டிய ஒரு குழி. செம்புறைக்கல் சரளைக் குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. கூழாங்கல்லைப் போல் உருண்டையாக இல்லை. இரு பக்கமும் சில்லுகள் பெயர்த்தெடுக்கப்பட்டு, ஒரு முனை கூர்மையாக இருந்தது. ஆற்று நீர் அப்படிச் செதுக்காது. அக்காலத்தில் பிரான்சில் சொம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் மனிதன் கையால் ஆனவையே என்று 1859இல்தான் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்தனர். அச்செய்தியைப் படித்து மனத்தில் வாங்கியிருந்த 28 வயது இளைஞருக்குப் பல்லாவரத்தில் கிடந்த கல்லின் பொருள் விளங்கியது.

ஒரு கல்லை வைத்துக்கொண்டு அவர் ஆரவாரம் செய்யவில்லை. மேலும் தேடினார். அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள் கிங்கும் அவரும் கொற்றலை ஆற்றுப் படுகையில் பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் ஏராளமான கருவிகளைக் கண்டனர். அவற்றுள் சில பெயராமல் அடுக்குக்குள்ளேயே பதிந்திருந்தன. மேற்பரப்பில் கிடப்பது எங்கிருந்தும் உருண்டு வந்திருக்கலாம். அடுக்குக்குள் பதிந்திருப்பது அந்த அடுக்கின் காலத்தைத் தன்னோடு கொண்டிருக்கும். நிலவியலாளராக இருந்ததனால்தான் இந்த வேறுபாட்டின் அருமை ஃபூட்டுக்குத் தெரிந்தது. 1866இல் அவர் விரிவான கட்டுரை வெளியிட்டார். பிற்காலத்தில் உலகத் தொல்லியல் நூல்களில் சென்னைக் கைக்கோடரி மரபு என்றே ஒரு பெயர் நிலைத்தது.

இவற்றை எல்லாம் படித்துவந்தபோது என்னை மிகவும் வியக்க வைத்தது ஒன்று. அக்கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கடுங்கல்லால் ஆனவை. அத்திரம்பாக்கத்தில் மலை இல்லை. அக்கல் எங்கிருந்து வந்தது? அருகிலுள்ள அல்லிக்குழிக் குன்றுகளில் மேல் கோண்டுவானாவைச் சேர்ந்த கூழாங்கல் திரள்பாறை உள்ளது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட நகரி மலைகளின் கடுங்கல்லைப் போன்றவற்றை அக்கால ஆறுகள் உருட்டிவந்து, பிளவால் தாழ்ந்த பள்ளத்தின் விளிம்பில் கொட்டிச் சென்ற குவியல் அது. பல கோடி ஆண்டுகளுக்குப் பின் அக்குவியல் மறுபடி அரிக்கப்பட்டுக் கற்கள் சிதறின. அவற்றைப் பொறுக்கியெடுத்துத் தட்டிக் கூராக்கினான் ஆதி மனிதன். நம் பகுதிக் கோண்டுவானா பாறை இரயிலுக்குக் கரி தரவில்லை. ஆனால் மனிதனின் முதல் தொழிற்பட்டறைக்கு மூலப்பொருள் தந்தது. தொழிற்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

பிற்கால வாழ்வு

ஃபூட் 33 ஆண்டுகள் துறையில் உழைத்து 1891இல் ஓய்வு பெற்றார். இடைக்காலத்தில் தென்னாட்டின் பெரும்பகுதியை நடந்தும் குதிரை மேலும் கடந்தார். தங்கமும் இரும்பும் அடங்கிய பழம்பாறைகளைத் தார்வார் தொகுதி என்று வகைப்படுத்தியவர் அவர். கர்னூல் மாவட்டத்துப் பில்ல சுர்கம் குகைகளில் 1884இல் தொடங்கிய அகழாய்வைப் படைவீரராயிருந்த தம் மகனின் துணையோடு நடத்தினார். பெல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகளைப் பற்றிப் பலரும் பலவாறு பேசியபோது, அவை மாட்டுத் தொழுவங்களில் சேர்ந்த சாணம் எரிந்த சாம்பல் என்று கருதினார். அக்கருத்து சரியானதே என்பதை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உட்னூரில் நடந்த அகழாய்வு உறுதிப்படுத்தியது. ஓய்வுக்குப் பின் பரோடா சமஸ்தானத்திலும், 1894 முதல் மைசூர் சமஸ்தானத்தின் புதிய நிலவியல் துறையிலும் பணியாற்றினார்.

அவர் இல்லம் அமைத்துக்கொண்டது சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டில். மாமனார் பெர்சிவல் 1882இல் மறைந்ததும் அங்கேதான். பல ஆண்டுகளாகத் திரட்டிய பழம்பொருள்களை வரிசைப்படுத்திக் குறிப்பெழுதுவதே அவருடைய முதுமைக் காலத் தவமாயிற்று. அத்தொகுப்பைச் சென்னை அரசு 1904இல் விலைக்கு வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்த்தது. அதன் விவர நூல்கள் 1914லும் 1916லும் அச்சாயின. அவற்றை அச்சில் காண அவர் இருக்கவில்லை. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அவருடைய அஸ்தி ஏற்காட்டுத் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவில்லை.

அவருக்குப் பின்

ஒருவரின் வாழ்க்கை அவர் மறைவோடு முடிவதில்லை என்பதற்கு அத்திரம்பாக்கம் சான்று. பின்னாளில் அங்கே அகழ்ந்தவர்கள் ஓர் அளவுக்குக் கீழே போனதும் நிறுத்திக்கொண்டார்கள். ஏனெனில் அதன்கீழ் இருந்த ஏடு ஏடான களியை ஆவடிக் களிப்பாறை என்று கருதினர். எங்கள் தெருக் கிணற்றில் வந்தது போன்ற கோண்டுவானா பாறையாக இருந்தால், கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள அதனுள் மனிதன் செய்த கருவி எப்படி இருக்கும்? எனவே தோண்டுவது வீண் என்ற முடிவு. 1999 முதல் அங்கே ஆய்வு நடத்திய சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அந்த முடிவோடு நிற்கவில்லை. அந்தக் களியையும் தோண்டினார்கள். உள்ளே கற்கருவிகள் இருந்தன! பாறை என்று நம்பப்பட்டது பழைய ஆற்று வெள்ளம் படியவிட்ட களிமண் அடுக்கே என்று தெரிந்தது. அக்கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவியல் முறையில் கணித்து வெளியிட்டனர். அதே இடத்தில் மேலடுக்குகளில் கிடைத்த சிறு கருவிகளின் தொழில்நுட்ப மாற்றம் ஏறத்தாழ 3 இலட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று 2018இல் கண்டனர்.

இதிலிருந்து நான் கற்ற பாடம் பெரிது. எங்கள் தெருவார் களிப்பாறையைப் பார்த்துக் கரி என்று எண்ணினார்கள். அறிஞர்கள் களிமண்ணைப் பார்த்துக் களிப்பாறை என்று எண்ணினார்கள். பிழை எவர்க்கும் நேரும். படித்தவர் என்பதால் விதிவிலக்கில்லை. பிழையைத் திருத்துவது குனிந்து எடுத்துப் பார்க்கும் பழக்கம் ஒன்றே. பல்லாவரத்தில் ஃபூட் செய்தது அதுதான். 136 ஆண்டுகள் கழித்து அத்திரம்பாக்கத்தில் நடந்ததும் அதுதான்.

சென்ற விடுமுறையில் நான் பல்லாவரம் சென்றேன். அந்தச் சரளைக் குழி எங்கே என்று கேட்டேன். நான் கேட்டவர்களில் எவருக்கும் தெரியவில்லை. ஒரு முதியவர் மட்டும், இங்கே குழி ஏது தம்பி, எல்லாவற்றையும் மூடி வீடு கட்டியாகிவிட்டதே என்றார். சரளை வெட்டியவன் குழி தோண்டியதால் கல் வெளியே வந்தது. நாம் குழியை மூடியதால் நினைவு உள்ளே போயிற்று. சென்னைக்கு மேற்கே சாலையும் மனையும் பெருகும் வேகத்தில் செம்புறைக்கல் மேடுகள் நாளுக்கு நாள் லாரியில் ஏறிப் போகின்றன. அவற்றோடு என்னென்ன போகின்றன என்று பார்க்க ஆளில்லை.

நண்பர்களே, எங்கள் வீட்டு வாசலில் ஓடும் சாலையே திருவள்ளூருக்குச் செல்கிறது. அங்கிருந்து பூண்டி தூரமில்லை. 1985இல் அமைந்த தொல்பழங்கால அகழ்வைப்பகம் அங்கே இருக்கிறது. எழும்பூரில் ஃபூட்டின் தொகுப்பு இருக்கிறது. ஒரு நாள் சென்று அந்தக் கைக்கோடரியின் முன் நின்று பாருங்கள். நம் பகுதிக்கு வரலாறு இல்லை, தொழிற்சாலைதான் உண்டு என்று சொல்லிச் சொல்லியே நாம் வளர்ந்துவிட்டோம். அந்தக் கல்லின் முன் நின்றபோது எனக்கு அந்தக் கூச்சம் போயிற்று.

என் தந்தையாரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் அந்தக் கருஞ்சாம்பல் சில்லைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் வரவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் அதை எறிந்துவிடாமல், தம் கருவிப் பெட்டியின் மேல் தட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.